தனுமத்யா: வில் இல்லை, மெல்லிடை

வணக்கம் சகோதரி. கொள்ளுப்பாட்டியின் 'தனுமத்யாம்பாள்' என்ற பெயரைச் சுருக்கித் தனுமத்யா என்று மகளுக்கு வைக்க ஆசை. 'தனு என்றால் வில், பிள்ளையோ தனுசு ராசி இல்லை' என்று மாமியார் தடுக்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

இது நம்ம ஊர்ப் பெயர்தாங்க. காட்பாடிக்குப் பக்கத்தில், பொன்னையாற்றங்கரையில் சம்பந்தர் பாடிய திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயில் அம்மன் பெயர். திருவண்ணாமலைப் பக்கம் உண்ணாமலை என்று பெண்களுக்குப் பெயர் வைப்பதைப் போலத்தான் உங்கள் பாட்டிக்கும் வைத்திருப்பார்கள்.

குழப்பம் எழுத்தால் வருகிறது. வடமொழியில் வில்லைக் குறிக்கும் தனுவில் வருவது அழுத்தி ஒலிக்கும் வேறு 'த'. இங்கே இருப்பது மெல்லிய 'த'. தனு என்றால் மெலிந்தது, மத்யம் என்றால் நடு. மெல்லிய இடையாள். நம் புலவர்கள் நுண்ணிடை, சிற்றிடை என்றது இதைத்தான். தமிழில் இரண்டு தகரத்துக்கும் ஒரே எழுத்து என்பதால் வில் உள்ளே புகுந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று: வடமொழி யாப்பில் அடிக்கு 6 அசை கொண்ட ஒரு விருத்தத்துக்கும் தனுமத்யா என்றே பெயர். இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு நெடில், நடுவில் இரண்டு குறில். ஓசைக்கே இடை மெலிந்திருக்கிறது! மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் தனுஷ் என்பதற்குப் போடும் முதலெழுத்து வேண்டாம். தமிழரசிக்குப் போடுவதைப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அவசரப்படாமல் பேசி முடிவெடுங்கள்.