பழைய போலரொய்ட் கமராவுக்கு அரை விலைப் பிலிம் வாங்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா தமது பழைய போலரொய்ட் 600 கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆவணியில் தங்கையின் திருமணம். வருபவர்களைப் படமெடுத்து உடனேயே கையில் கொடுக்க விரும்புகிறேன். உறை பிரிக்காத பழைய பிலிம் பக்கெற்றுகளை இணையத்தில் ஒருவர் அரை விலைக்கு விற்கிறார். வாங்கலாமா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: வாங்க வேண்டாம். இந்தப் பிலிமைப் பொறுத்தவரை உறை பிரிக்கப்படவில்லை என்பது எந்த உத்தரவாதமும் அல்ல. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இரசாயனப் பசை அடைத்த சிறு பை இருக்கிறது. படம் வெளியே வரும்போது கமராவின் உருளைகள் அதை நசுக்கிப் பரப்புவதால்தான் உருவம் தோன்றுகிறது. பக்கெற்றைத் திறக்காவிட்டாலும் அந்தப் பசை காலப்போக்கில் காய்ந்துவிடும். போலரொய்ட் நிறுவனம் 2008இல் இந்தப் பிலிம் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்த பின்னர், நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த அதன் இயந்திரங்களை வாங்கிய குழுவொன்று, பழைய இரசாயனங்கள் கிடைக்காத நிலையில் புதிய கலவையை உருவாக்கி 2010இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய பக்கெற் எதுவும் திருமணத்துக்கு உதவாது.

புதியது என்று விற்கப்படுவதையும் திகதி பார்க்காமல் வாங்காதீர்கள். உற்பத்தித் திகதி பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். ஓராண்டுக்குள் பயன்படுத்துவது நல்லது. திகதியைக் கேட்டதும் மௌனமாகிவிடும் விற்பனையாளருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். இடைத்தரகர் பலரிடம் கையிருப்பே கிடையாது. உங்கள் பணம் கிடைத்த பின்னர்தான் வெளிநாட்டில் வாங்குகிறார்கள். குளிரில் வைக்க வேண்டிய பொருள் என்று பொதியின் மேலே எழுதியிருந்தாலும், அதை வெக்கையான களஞ்சியத்தில் வாரக்கணக்கில் கிடத்தும் நடைமுறையை மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை. நட்டம் முழுவதையும் வாங்கியவரே சுமக்கிறார். இடப்பெயர்வுகளில் குடும்ப அல்பங்களை இழந்த எங்கள் மண்ணில், நெகட்டிவ் இல்லாத, ஒரேயொரு பிரதியாகக் கையில் கிடைக்கும் காகிதப் படத்தை மக்கள் விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தை வைத்து ஏமாற்றுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெட்டியில் ‘600’ என்று இருக்க வேண்டும். உங்கள் கமராவுக்குத் தனியாக மின்கலம் கிடையாது. பிலிம் பக்கெற்றின் உள்ளேதான் அது வருகிறது. போலரொய்ட்டின் இன்னொரு பிலிம் வகையான, விலை குறைந்த ‘ஐ-ரைப்’ பக்கெற்றில் மின்கலம் இல்லை. உள்ளேயே மின்னேற்றும் மின்கலம் கொண்ட புதிய ஐ-ரைப் கமராக்கள் மட்டுமே பக்கெற்றின் மின்கலம் இல்லாமல் இயங்கும். அவற்றில் இரண்டு பிலிமையும் போடலாம். ஆனால் இது ஒருவழிச் சலுகையே: ஐ-ரைப் கமரா 600 பிலிமை ஏற்கும், 600 கமராவோ ஐ-ரைப் பிலிமில் இயங்காது. ‘இரண்டும் ஒன்றுதான், நானே போட்டுப் பார்த்தேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அவர் புதிய கமராவில் போட்டுப் பார்த்திருப்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் கமரா அசையாது. இதே காரணத்தால், கமரா வேலை செய்யவில்லை என்று திருத்துபவரிடம் கொண்டு ஓடுவதற்கு முன்னர் புதிய 600 பக்கெற் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். செத்துப்போன மின்கலத்தைக் காட்டிக் கமராவையே திருத்தியதாகக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆவணி வெயில் இன்னொரு சிக்கல். போலரொய்ட் பிலிம் 13 முதல் 28 பாகை செல்சியஸ் வரைதான் ஒழுங்காக இயங்கும். அதற்கு மேல் படம் மஞ்சளும் சிவப்பும் தட்டும். ஒரு பக்கெற்றில் 8 படங்களே உண்டு, ஒவ்வொன்றும் தெளிவதற்குக் கால் மணி நேரம் வரை எடுக்கும். ஆகவே விருந்தினருக்குக் கொடுப்பதற்கு, 40 பாகை வரை தாங்குவதும் ஒன்றரை நிமிடமளவில் தெளிவதுமான புஜியின் இன்ஸ்டக்ஸ் மினி கமராவை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவின் கமராவை மணமக்களைக் குளிரூட்டிய அறையில் எடுக்கும் சில படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள், எடுக்கும் நாளில் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். வெளியே வந்த படத்தை உதறாமல், வெளிச்சம் படாதவாறு கவிழ்த்து வையுங்கள்.

திருமணத்துக்குக் கனடாவிலிருந்து எவராவது வருவதாயின், புதிய பக்கெற்றுகளைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தில் ஏற்ற ஒப்படைக்கும் பயணப் பெட்டிகளைச் சோதிக்கும் கதிர்கள் பிலிமைப் பழுதாக்கும். கைப்பைச் சோதனையிலும் கையால் பார்க்குமாறு அவர் கேட்க வேண்டும்.