"ஒண்டுமில்லை" என்பவர்களிடம் என்ன கேட்பது? மனவடு பற்றிய கேள்வி பதில்

வன்னியில் பல வருடமாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். போர் தந்த மனவடு பற்றியும் தற்கொலை எண்ணம் பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என்னிடம் வந்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி அவருடைய விவரங்களை மாற்றிவிட்டேன்.

அக்கா, அண்ணா 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர். ஒருநாளும் அழுததில்லை. கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார். நல்லாத்தான் இருக்கிறார் என்று விட்டுவிடலாமா? (கிளிநொச்சி)

நல்லாக இருக்கலாம். ஆனால் அழாததை வைத்து அந்த முடிவுக்கு வரவேண்டாம். அழுகிறவரைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். அழாதவரை நாம் எல்லோருமே விட்டுவிடுகிறோம். மனவடு நோய் என்றால் கெட்ட கனவும் வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உணர்வு விறைத்துப்போவதும் அதன் அறிகுறிதான். சிலர் உண்மையில் எதையும் மறைப்பதில்லை. உள்ளே கிடப்பது கோபமா, பயமா, துக்கமா என்று அவர்களுக்கே பிடிபடாது.

பீற்றர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் இதற்கு 'அலெக்சிதைமியா' என்று பெயர் வைத்தார். உணர்வுக்குச் சொல் இல்லாமை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நாசி வதைமுகாம்களில் இருந்து தப்பியவர்களிடம் ஹென்றி கிறிஸ்டல் என்ற மனநல மருத்துவர் இதையே கண்டு எழுதினார். அவரும் அந்த முகாம்களில் இருந்து உயிர் தப்பியவர்தான். ஆகவே உங்கள் அண்ணாவைக் கல்நெஞ்சுக்காரன் என்று யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள். அவருடைய நித்திரை, குடி, பிள்ளைகளோடு இருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

உணர்வுக்குப் பெயர் தெரியாததற்கும் சாகும் எண்ணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் ஒரு பங்கு மனச்சோர்வு வழியாக வருவது. ஆகவே பேசத் தெரியாத எல்லோரும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. இது எப்படி நடக்கிறது என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

நாற்பது தாண்டிய ஒருவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஈசிஜியில் ஒரு பிழையும் இல்லை, என்னிடம் அனுப்பினார்கள். "என்ன செய்யுது?" என்று கேட்டேன். "ஏலாமல் கிடக்கு" என்றார். வேறு எதைக் கேட்டாலும் அதே பதில்தான். பேசும்போது கையில் இருந்த பஸ் டிக்கட்டைக் கிழித்துக் கிழித்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். சரி, பேச்சை விடுவோம் என்று ஒரு கொப்பியைக் கொடுத்தேன். நெஞ்சு எப்போது இறுகுகிறது, அப்போது எங்கே நின்றீர்கள், இந்த இரண்டையும் மட்டும் எழுதச் சொன்னேன். மூன்று கிழமை எழுதினார். நெஞ்சு இறுகியது பெரும்பாலும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கிட்ட, றோட்டோரத்தில் நிற்கும்போது. அது பள்ளிக்கூடம் விட்டு வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் போகிற நேரம். அவருடைய மகள் அந்த வயதில் போனவள். கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இது ஏக்கம் போல" என்றார்.

அதுவரை அவரிடம் "ஏலாது" என்ற ஒரு சொல்தான் இருந்தது. எல்லா வேதனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைந்து கிடந்தால், அதை நிறுத்த ஒரே வழிதான் கண்ணுக்குத் தெரியும். ஏக்கம் என்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு ஏதாவது இருக்கும். மகளின் படத்தை எடுத்துப் பார்க்கலாம், மனைவியோடு அவளைப் பற்றிக் கதைக்கலாம், அவள் பெயரில் ஒரு விளக்கு ஏற்றலாம். பயம் என்றால் அதற்குச் செய்வது வேறு. "நான் மட்டும் தப்பிவிட்டேன்" என்ற குற்ற உணர்வு என்றால் இன்னும் வேறு. அவருக்கும் சாகும் எண்ணம் இருந்தது. அதை அவர் என்னிடம் சொன்னது, ஏக்கம் என்ற சொல் வாயில் வந்ததற்குப் பிறகுதான்.

நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிட மாட்டோமா?

மாட்டோம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். "பிழையான முடிவு ஒண்டும் எடுக்கமாட்டீங்கள்தானே?" என்று கேட்கும்போது, "இல்லை" என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். "செத்துப்போவம் எண்டு யோசினை வாறதோ?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "ஓம்" என்றால் பிள்ளைகளைக் காட்டிப் பேசவும் வேண்டாம், பாவம் என்று புத்தி சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். அவரைத் தனியே விடாமல் உதவி தேடுங்கள். ஆபத்தான பொருட்கள் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

"சாக நினைப்பவர் எப்படியும் செத்துவிடுவார்" என்பது தவறு. 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் பத்து வருடத்தில் அந்த வீதம் ஏறக்குறைய பாதியாகியது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைத் தாண்டவைத்தால் ஆள் மிஞ்சுவார்.

மருந்து எடுக்கவேண்டுமா?

அதை மனநல மருத்துவர் சொல்லவேண்டும். சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. பலன் தெரியச் சில கிழமை எடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தோடு, நடந்ததை ஆறுதலாகப் பேசிக் கடக்கும் சிகிச்சையும் வேண்டும்.

அப்பா தமிழ்தான் கதைப்பார், டொக்டருக்கு ஆங்கிலம்தான். நானே மொழிபெயர்க்கலாமா? (டொரொண்டோ)

கூடுமானவரை வேண்டாம். மகனுக்கு முன்னால் அப்பா சாவைப் பற்றி வாய் திறக்கமாட்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வருபவர் நம்மூர்ப் பேச்சு தெரிந்தவரா என்றும் பாருங்கள். "சரியான யோசினை" என்று அப்பா சொன்னால், ஏதோ சிந்திக்கிறார் என்று பெயர்த்துவிடுவார்கள். மனம் ஓயாமல் கவலையை அரைப்பதைத்தான் அவர் சொல்கிறார். "பெருமூச்சு" என்றாலும் அப்படித்தான், அது மூச்சு வருத்தம் இல்லை.

அவரைக் காணாமல் ஆக்கினதில் இருந்து எனக்கு ஒரு உணர்வும் இல்லை. பிள்ளைகளுக்கு நான் ஒரு சுமை என்று தோன்றுகிறது. (முல்லைத்தீவு)

தங்கச்சி, இதை எழுதினதற்கு நன்றி. உணர்வு இல்லை என்கிறீர்கள், ஆனால் இந்த நினைப்பு உங்களை நோகடிப்பது எனக்குத் தெரிகிறது. "நான் சுமை" என்று யாராவது சொன்னால் நாங்கள் அதைச் சும்மா விடுவதில்லை. இன்றைக்கு ஒருவரிடமாவது இதே சொற்களில் சொல்லுங்கள். இரவென்றாலும் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு 14416. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துக்கத்தில் அழவும் முடியாது, ஆறவும் முடியாது. நீங்கள் விறைத்துப்போனது உங்கள் பிழை இல்லை.

கனநாளாகச் சரியில்லாமல் இருந்த சித்தப்பா ஒரு கிழமையாக நல்ல அமைதி. தன் மோட்டார்சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். குணமாகிறார் என்று எடுக்கலாமா?

எடுக்கவேண்டாம். இப்படித் திடீரென்று அமைதியாவதும் தன் பொருளைக் கொடுத்துவிடுவதும், சாக முடிவெடுத்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். இப்போதே அவரிடம் போங்கள். மேலே சொன்ன மாதிரி நேரே கேளுங்கள். "இல்லை" என்றாலும் தனியே விடாமல், கிட்ட உள்ள ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.