அரசியல்வாதிகள் தங்கள் பேச்சில் உருவகத்தை ஏன் இவ்வளவு நாடுகிறார்கள்?

ஒரு சிக்கலை எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதைக் கேட்பவர் அறியாமலே உருவகம் முடிவு செய்துவிடுவதால்தான் அரசியல்வாதிகள் அதை விடாமல் கையாளுகிறார்கள். 1964-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமையின் மீது ‘போர்’ அறிவித்தபோது, எதிரி, களம், தியாகம், வெற்றி என்ற முழுக் காட்சியும் அந்த ஒற்றைச் சொல்லோடு சேர்ந்தே வந்தது; போர் என்று ஆகிவிட்டால் செலவுக் கணக்குக் கேட்கவே நாம் தயங்குவோம், மறுத்துப் பேசுபவரையும் ஐயத்தோடு பார்ப்போம். 1946-இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர்ச்சில் பேசிய ‘இரும்புத் திரை’, சோவியத் பிடியிலிருந்த கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான ஐரோப்பாவின் பிளவைக் கண்ணால் காணும் பொருளாக்கியது. என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது, புலம்பெயர்ந்து வருவோரை ‘வெள்ளம்’ என்று குறிப்பிடும் வழக்கம்: வெள்ளத்துக்கு முகமில்லை, பெயரில்லை என்பதால், அணை கட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று அச்சொல் நம்மை எண்ண வைத்துவிடுகிறது.