பிடி-1 வாங்கும்போது வாலைப் பாருங்கள்

ஆன்டிபாடி சோதனைக்கு மனித பிடி-1 மறுசேர்க்கைப் புரதம் (மரபணுவை வேறொரு செல்லில் புகுத்தித் தயாரித்தது) வாங்க வேண்டும், ஒரே பெயரில் ஐந்தாறு வகை இருக்கிறது, விலையோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். வால் என்று நான் சொல்வது டேக்கை, அதாவது புரதத்தின் நுனியில் சேர்த்து ஒட்டிய கூடுதல் துண்டை.

பிடி-1ஐப் பொறுத்தவரை பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர்தான்; பிடி என்றால் 'புரோகிராம்டு டெத்', திட்டமிட்ட சாவு. 1992இல் கியோட்டோவில் தாசுகு ஹோஞ்சோவின் ஆய்வகத்தினர் செல் சாவுக்குக் காரணமான மரபணுவைத் தேடியபோது அகப்பட்டது இது. அதனால் பெயரில் சாவு ஒட்டிக்கொண்டது. நோய் எதிர்ப்புப் படையான டி செல்லுக்கு அது பிரேக் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நான் பாடம் படித்தது ஒரு முழு 96 குழித் தட்டைப் பாழாக்கி. ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டு. நிவோலுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து பிடி-1இல் எப்படி ஒட்டுகிறது என்று எலைசாவில் (ஒட்டியதை நிறத்தால் காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். ஃபிரீசரில் கிடந்த குப்பியை எடுத்துத் தட்டில் பூசினேன். மருந்தை வெவ்வேறு அடர்த்தியில் விட்டேன். மனித ஐஜிஜியை (மருந்து ஆன்டிபாடி இந்த வகைதான்) அடையாளம் காணும் இரண்டாம் ஆன்டிபாடியைச் சேர்த்தேன். நிறமூட்டும் கரைசல் பட்டதும் தட்டு முழுக்க நீலம், அமிலம் விட்டதும் முழுக்க மஞ்சள். மருந்தே விடாத குழியும் சளைக்காமல் மஞ்சள்! கழுவும் கரைசலைச் சந்தேகித்தேன், தட்டின் வெற்றிடங்களை மறைக்கப் பூசிய பால்பொடியைச் சந்தேகித்தேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் ஆய்வகத்து அக்கா ஒருவர் குப்பியைத் திருப்பிப் பார்த்து, "தம்பி, இதில் எஃப்சி இருக்கிறதே" என்றார். எஃப்சி என்பது மனித ஐஜிஜியின் அடிப்பாகம். என் இரண்டாம் ஆன்டிபாடி மருந்தைத் தேடிப் போகவே இல்லை; பூசிய புரதத்தின் வாலையே பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வேலைக்கு ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் சிறு சரம்) போட்டதுதான் சரி. அதற்காக எஃப்சியை ஒதுக்கிவிடாதீர்கள். பிடி-1க்கும் அதோடு இணையும் புரதமான பிடி-எல்1க்கும் இடையே உள்ள பிடிப்பு மைக்ரோமோலார் அளவில்தான். நல்ல ஆன்டிபாடியோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல் தளர்ச்சி. ஒற்றை மூலக்கூறாக விட்டால் கழுவும்போதே போய்விடும். எஃப்சி இரண்டிரண்டாகக் கட்டிவிடுவதால் இரு கையாலும் பற்றி நிற்கும்.

அடுத்து, எந்தச் செல்லில் தயாரித்தது என்ற வரி. இ.கோலை பாக்டீரியா மலிவு, ஆனால் அதற்குச் சர்க்கரை ஒட்டத் தெரியாது. பிடி-1இன் வெளிப்பகுதியில் 49, 58, 74, 116 ஆகிய இடங்களில் உள்ள நான்கு அஸ்பராஜின் அமினோ அமிலங்களில் சர்க்கரை தொங்குகிறது. காம்ரெலிசுமாப் என்ற இன்னொரு ஆன்டிபாடி மருந்து 58இல் உள்ள சர்க்கரையையும் சேர்த்துப் பிடிக்கிறது; நிவோலுமாபுக்கு அது தேவையில்லை. செல்களின் மேல் போடுவதாக இருந்தால் இ.கோலையின் வெளிச்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் என்ற நச்சு வேறு வம்பு. மருந்து ஆன்டிபாடிக்கு ஹெக்293 என்ற மனித செல்லில் தயாரித்ததையே வாங்குங்கள் என்பேன். கட்டமைப்பு ஆராய்பவர்களுக்கு இ.கோலையே வசதி, அவர்கள் கதை வேறு.

ஹெக்293 புரதத்தை எடை பார்க்க ஜெல்லில் ஓட்டினால் கணக்குப்படி 17 கிலோடால்டன் அருகே வர வேண்டியது 30, 40 பக்கம் பரவலாக நிற்கும். பதறாதீர்கள், அது சர்க்கரையின் வேலை. நான் பதறினேன். தவறான சரக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று விற்றவர்களுக்குப் புகார்க் கடிதம்கூட எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்பும் முன் தகவல் தாளின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன்.

குப்பி வந்ததும் காலியாக இருப்பதுபோலத் தோன்றும். உறைய வைத்து உலர்த்திய தூள் மூடியில் ஒட்டியிருக்கலாம். திறக்கும் முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் போடுங்கள். கரைக்கும்போது குலுக்க வேண்டாம். அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், ஒவ்வொன்றின் மேலும் டேக் எதுவென்று கொட்டை எழுத்தில் எழுதி.