கேமரா கேட்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம் ஐயா.

மேலூரிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் பி.எஸ்சி. கடைசி வருடம். பி.எட். படி என்றால் ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள், கேமராவுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறாள். இதில் சோறு கிடைக்குமா என்பது உங்கள் கவலை.

ஆவணப்படத்தை மட்டும் நம்பி மாதாமாதம் வீட்டுக்குப் பணம் தருகிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் எடிட்டிங், ஒளிப்பதிவு, தொண்டு நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது, கல்லூரியில் வகுப்பு என்று எதையாவது செய்து, அந்தக் காசில் தங்கள் படத்தை எடுக்கிறார்கள். எனவே முதலில் பேச வேண்டியது அந்த இன்னொரு தொழிலைப் பற்றி. நான் எடிட்டிங் என்பேன். கல்யாண வீடியோவுக்கும் யூடியூப் சேனலுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது, வீட்டிலிருந்தே செய்யலாம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே பழகப் போதும்.

நம் பக்கத்துக்கு இது புதிய வேலையும் இல்லை. காரைக்குடி அருகே கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தி பற்றிய பழைய படச்சுருள்களைத் தேடி 1937-க்குப் பிறகு நாடு நாடாக அலைந்தார். ஐம்பதாயிரம் அடி பிலிம் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார். அவருக்கும் பத்திரிகை, பயண நூல் என்று வேறு வேலைகள் இருந்தன. மதுரையிலேயே அமுதன் ஆர்.பி. ஆவணப்படங்கள் எடுத்ததோடு, 1998-இல் ஆவணப்பட விழாவையும் தொடங்கி நடத்தினார். மகளை இப்படிப்பட்ட திரையிடல்களுக்கு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

சரி, மகளுக்கு இது ஒத்துவருமா? கேமரா ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி கிராமம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊரே திரண்டது, 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. போராட்டத்தை செல்போனில் எடுத்தவர்கள் ஏராளம். கூட்டம் கலைந்த பிறகு அங்கே போய், ஆடு மேய்ப்பவரிடம் உட்கார்ந்து பேச அவளுக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடட்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்கிறாளா, விட்டுவிடுகிறாளா? அதை வைத்து நிறையவே தெரிந்துகொள்ளலாம்.

அதனால் ஒன்றரை லட்சம் இப்போது வேண்டாம். கையிலிருக்கும் செல்போனும் ஒரு காலர் மைக்கும் போதும். படம் லேசாக ஆடினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மூன்று மாதத்தில், ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பதினைந்து நிமிடப் படம். எடுக்கப்படுபவரின் சம்மதத்தை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைக்க வேண்டும்.

தனியாக அலைவாளே என்றும் எழுதியிருந்தீர்கள். பையனாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டீர்கள்! இருந்தாலும் பயம் நியாயம்தான். ஒலிப்பதிவுக்கு ஒரு தோழி எப்படியும் தேவை. இரண்டு பேராகப் போகட்டும்.

படிப்பு என்றால் புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகள் இருக்கின்றன. எந்தப் பட்டம் பெற்றவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம்; இடங்கள் குறைவு, போட்டி கடுமை. காமராசர் பல்கலைக்கழகத்தில் கல்வி வீடியோ தயாரிக்கும் மையம் இருக்கிறது, பயிற்சி கிடைக்குமா என்று நேரில் போய்க் கேட்கட்டும். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்து லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களில் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

பி.எட்.டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடப் படிப்பு அது, பயத்தில் சேர்த்துவிட்டால் பாதியில் நிற்கும். அந்தப் பதினைந்து நிமிடப் படம் முடிந்ததும் இரண்டு பேரும் வாருங்கள், அப்போது பி.எட். விண்ணப்பத்தையும் சேர்த்தே பேசுவோம்.