சீட்டு எடுத்தால் சித்தம் தெரியுமா?

கேள்வி: துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை வந்திருக்கிறது. ஜெபித்துவிட்டு ‘போ’, ‘போகாதே’ என்று இரண்டு சீட்டு எழுதி மகளை எடுக்கச் சொன்னோம். ‘போ’ என்று வந்தது. மனசு ஒப்பாமல் மறுநாளும் எடுத்தோம்; ‘போகாதே’ என்று வந்தது. எது தேவசித்தம்?
– வாசகர், தக்கலை

பதில்: மூன்றாவது தடவை எடுக்காதீர்கள். இரண்டு சீட்டில் எது வரவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மறுநாளும் எடுத்தீர்கள் என்றால், முதல் பதிலை நீங்களே பதிலாக ஏற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சீட்டுக்கு ஆதாரமாக அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அங்கே யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டார்கள். என்ன நடந்தது என்று பாருங்கள். யோவானின் ஸ்நானம் தொடங்கி இயேசுவோடு கூடவே இருந்தவர்களாக இருக்க வேண்டும் என்று முதலில் தகுதி வைத்தார்கள். அதில் தேறிய இருவரை நிறுத்தி ஜெபித்த பிறகே சீட்டு. யோசித்து முடித்த இடத்தில்தான் அது வந்தது. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. நியாயாதிபதியான கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு தேவனிடம் அடையாளம் கேட்டதும் அப்படித்தான். ‘போ’ என்ற கட்டளை நியாயாதிபதிகள் 6:14இலேயே அவனுக்குக் கிடைத்துவிட்டது. தோலைப் போட்டது பயத்தால். ‘கோபம் மூளாதிருப்பதாக’ என்று அவனே கெஞ்சுகிறான். கண்ணை மூடி வேதத்தைத் திறப்பதும், புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (வேத வசனம் அச்சடித்த அட்டையை) விசா உத்தரவாக வாசிப்பதும் இதே வகைதான். அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11 (‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம்), பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை!

இப்போது செய்ய வேண்டியது. ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டாலோ, ‘விசிட் விசாவில் வாங்க, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றாலோ, விட்டுவிடலாம். அதற்கு ஜெபக்குறிப்பு தேவையில்லை. ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், திரும்பி வர டிக்கெட் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டிக்கு வாங்கும் பணம் எத்தனை மாதச் சம்பளத்தில் அடையும் என்று கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கை மனைவிக்குக் காட்டுங்கள். பிறகு மூன்று பேரிடம் கேளுங்கள்: அங்கே வேலை செய்து திரும்பியவர் ஒருவர், உங்கள் கடன் நிலவரம் தெரிந்தவர் ஒருவர், உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்காதவர் ஒருவர். எப்போதும் ஆமென் சொல்பவரிடம் போவதில் பயனில்லை. தேதி ஒன்று குறித்து, அன்று முடிவெடுங்கள்.

‘மனசில் சமாதானம் இல்லை’ என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். அதற்கு ஆதாரமாகக் காட்டும் கொலோசெயர் 3:15 சபையார் ஒருவரோடொருவர் சமாதானமாக இருப்பதைப் பற்றியது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு வியர்வை இரத்தத்துளிகள்போல் விழும் அளவுக்கு வியாகுலப்பட்டார். ஆனாலும் சிலுவைக்குப் போவதுதான் பிதாவின் சித்தம். எல்லாம் சரியாக இருந்து, போவதும் இருப்பதும் இரண்டுமே பாவமில்லை என்றால், விருப்பப்படி தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேவன் ஒளித்துவைத்திருக்கிறார் என்று வேதம் சொல்லவில்லை.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். ஞாயிறு வெட்டுவதில்லை என்று தீர்மானித்தேன், தோட்டக்காரர் கோபப்படுகிறார். பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் சபை மூப்பரே ஞாயிறு காலை வெட்டிவிட்டுத்தான் ஆராதனைக்கு வருகிறார். யார் செய்வது சரி?
– வாசகர், குலசேகரம்

பதில்: ரோமர் 14 இதற்காகவே எழுதியதுபோல இருக்கிறது. நாட்களைப் பற்றி ‘அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்’ என்கிறார் பவுல். உங்கள் மனச்சாட்சி தடுத்தால் வெட்டாதீர்கள். வெட்டினால் உங்களுக்குப் பாவம். ஆனால் அந்த அளவுகோலை மூப்பர்மேல் வைக்க உங்களுக்கு அதிகாரமில்லை. மூப்பரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

தோட்டக்காரரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டும் மரத்தில் ஞாயிறு விட்டுப்போனால் 14 நாளில் 7 வெட்டு 6 ஆகும். தோட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பாதி திங்கள், புதன், வெள்ளி, மறு பாதி செவ்வாய், வியாழன், சனி. ரப்பர்த் தொழிலில் ஏற்கனவே உள்ள முறைதான் இது. கூடுதல் ஒருநாள் ஓய்வு கிடைக்கும் மரம் அடுத்த வெட்டில் சற்று அதிகமாகவே பால் தரும். மழையில் போன வெட்டை எந்த நாளில் ஈடுகட்டுவது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மழை பெய்த அன்று போய்ப் பேசினால் சண்டைதான் வரும். அப்படியும் கூலி குறைந்தால், அதை நீங்கள் ஏற்க வேண்டும். உங்கள் தீர்மானத்துக்கு அவர் பணம் கட்ட முடியாது.

கேள்வி: சீதனம் வாங்கக் கூடாது என்பது என் தீர்மானம். அப்பாவோ 50 பவுன் பேசிவிட்டார். தாய்தகப்பனைக் கனம்பண்ண வேண்டாமா?
– வாசகர், கருங்கல்

பதில்: முந்தின கேள்விபோல இது அவரவர் மனச்சாட்சிக்கு விட்ட விஷயமில்லை. 1961ஆம் வருடச் சட்டப்படி சீதனம் கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். அப்பாவிடம் மரியாதையாக, ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லுங்கள். சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த பிறகு சொன்னால் பெண்வீட்டார் அதற்குள் நிலத்தை விற்றிருப்பார்கள். பெண்ணின் தகப்பனாரிடமும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், தரகர் மூலம் வேண்டாம். ‘அவர்களாகவே மகளுக்குப் போடுவது’ என்ற பேச்சு வந்தால், எத்தனை பவுன் என்று யார் முதலில் கேட்டார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள்.