படகு 12, நீரோட்டம் 5: கூட்டினால் ஏன் 17 இல்லை?

மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகும் படகை, 5 கி.மீ. வேகத்தில் வடக்கே ஓடும் நீரோட்டம் தள்ளினால் மொத்தம் 17 தானே, விடையில் ஏன் 13 என்று கேட்டிருக்கிறீர்கள்.

17 வர வேண்டுமென்றால் நீரோட்டமும் கிழக்கே ஓட வேண்டும். எதிரே வந்தால் 7. இங்கே அது குறுக்கே ஓடுகிறது, அதனால் செங்கோண முக்கோணம். 144-உம் 25-உம் சேர்ந்து 169, வர்க்கமூலம் 13. திசை, கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 22.6 டிகிரி (டேன் மதிப்பு 5/12). எங்கள் கடலுக்கு 5 கி.மீ. நீரோட்டம் அதிகம்தான். விடை முழு எண்ணாக வர வேண்டுமே என்று எடுத்த எண் அது.

பரீட்சைக்கு இது போதும். நான் மாட்டிக்கொண்டது இதற்கு அப்புறம்.

எனக்குக் காசிமேடு. அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனவர். பிளஸ் ஒன் படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, "22.6 டிகிரி வடக்கே தள்ளுதுன்னா, அதே அளவு தெற்கே திருப்பிப் பிடிச்சா நேரா கிழக்கே போயிடலாம்பா" என்றேன். "அப்பவும் கொஞ்சம் வடக்காலதான் நிப்ப" என்றார். கரையில் கோபுரமும் அதன் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே படகு ஓட்டிய மனிதர். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. 22.6 டிகிரி தெற்கே திருப்பினால், படகின் 12-இல் தெற்குப் பங்கு 4.6 மட்டுமே. நீரோட்டம் 5. ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 385 மீட்டர் வடக்கே போயிருப்போம். தெற்குப் பங்கு சரியாக 5 ஆக வேண்டும். அதாவது கோணத்தின் சைன் மதிப்பு 5/12, கோணம் 24.6 டிகிரி. முதல் கணக்கில் 12 என்பது செங்கோணத்தை ஒட்டிய பக்கம், இதில் அதே 12 கர்ணம். நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

இப்படிப் போனால் கிழக்கே கிடைக்கும் வேகம் 119-இன் வர்க்கமூலம், சுமார் 10.9. 20 கி.மீ. தள்ளி வலை விட வேண்டுமென்றால், நீரோட்டமே இல்லாத நாளைவிடப் பத்து நிமிட எண்ணெய் கூடுதல். ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டம் தெற்கே திரும்பிவிடும். அப்போது அதே 24.6-ஐ வடக்கே பிடிக்க வேண்டும்.